250 சவுக்கடி... தலைநகரை நோக்கித் திரும்பிய பீரங்கிகள்! யார் இந்த 'கறுப்பு அட்மிரல்'?

தென்காசி, குற்றாலம் பக்கத்துக்காரர்களுக்கு 1911 மறக்காத வருஷம். செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டது அந்த ஜூனில்தான். அதற்கு ஏழு மாசம் முன்னாடி, பிரேசிலின் அன்றைய தலைநகர் ரியோ டி ஜெனிரோவை ஒரு மாலுமி நாலு நாள் நடுங்க வைத்தார். பெயர் ஜோவாவ் கண்டிடோ. முக்கியக் கோரிக்கை, சவுக்கடியை நிறுத்தணும். அவ்வளவுதான்.

1880-ல் பிறந்தவர். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். பதின்ம வயதிலேயே கடற்படையில் சேர்ந்தார். பிரேசிலில் அடிமை முறை 1888-ல் ஒழிந்தது, ஆனா கப்பலுக்குள் ஒழியலை. அதிகாரிகள் வெள்ளையர்கள், மாலுமிகளில் பெரும்பாலோர் கறுப்பர்கள். 1889-ல் சவுக்கடியைத் தடை செய்த அரசு, அடுத்த வருஷமே திரும்பக் கொண்டுவந்தது. உச்சவரம்பு 25 அடி. அதுவும் பேப்பரில்தான்!

புதுப் போர்க்கப்பல் 'மினாஸ் ஜெராயிஸ்' கட்டப்பட்டது இங்கிலாந்தின் நியூகாசிலில். அதை எடுத்துவரப் போன மாலுமிகள், அங்கே தொழிலாளர்கள் சங்கம் வைத்து உரிமை கேட்பதைக் கண்ணால் பார்த்தார்கள். ஊர் திரும்பினால் அதே சவுக்கு.

1910 நவம்பரில் மார்செலினோ என்ற மாலுமிக்கு, மொத்தக் குழுவையும் நிற்க வைத்து 250 அடி. 22-ம் தேதி இரவு கலகம் வெடித்தது. கேப்டன் கொல்லப்பட்டார். ஜோவாவ் தலைமையில் நாலு போர்க்கப்பல்களின் பீரங்கிகள் நகரத்தை நோக்கித் திரும்பின. கரையில் விழுந்த குண்டில் இரண்டு குழந்தைகள் இறந்ததையும் சொல்லித்தான் ஆகணும்.

பதவியேற்று ஒரு வாரமே ஆன அதிபர் ஹெர்மெஸ் இறங்கி வந்தார். சவுக்கடி ரத்து, எல்லோருக்கும் பொதுமன்னிப்பு. மாலுமிகளும் நம்பி கப்பல்களை ஒப்படைத்தார்கள்.

அங்கேதான் அரசு காலை வாரியது. இரண்டே நாளில், யாரை வேண்டுமானாலும் வேலையை விட்டுத் தூக்கலாம் என்று புது உத்தரவு. டிசம்பரில் வேறொரு கலகம் நடந்ததைச் சாக்காக வைத்து ஜோவாவையும் கைது செய்தார்கள். கிறிஸ்துமஸ் சமயம், சுண்ணாம்பு தெளித்த நிலவறையில் 18 பேரை அடைத்தார்கள். மூச்சுத் திணறி 16 பேர் இறந்தார்கள். பிழைத்த இருவரில் ஒருவர் ஜோவாவ். பிறகு மனநலக் காப்பகம். 1912-ல் நீதிமன்றம் விடுதலை செய்தும் கடற்படை திரும்பச் சேர்க்கவில்லை.

பீரங்கி நீட்டிய அதே ரியோவின் கரையில் மீன் விற்றுப் பிழைத்தார். 1969-ல், 89 வயதில் இறந்தார். 70-களில் இவரைப் பற்றி வந்த பாட்டில் 'அட்மிரல்' என்ற வார்த்தையையே ராணுவ ஆட்சியின் தணிக்கை விடவில்லை. 2008-ல்தான் பிரேசில் அரசு மறுபடியும் பொதுமன்னிப்பு வழங்கியது. குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடையாது. இவர் பெயரைத் தேசிய நாயகர்கள் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று 2024-ல்கூட கடற்படைத் தளபதி நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்.