துயரத்தில் முளைத்த மருத்துவமனை

விடியற்காலையில் தாராபுரம் பேருந்து நிலையத்தில் கோவைப் பேருந்துக்காகக் காத்து நிற்போரில் சிலர் வேலைக்கோ வணிகத்துக்கோ செல்பவர்கள் அல்லர். மருத்துவ அறிக்கைகளும் ஸ்கேன் படங்களும் அடங்கிய பை ஒன்று அவர்கள் கையில் இருக்கும். அருகில் துணைக்கு ஒருவர் இருப்பார். புற்றுநோய் சிகிச்சைக்காக ஏறத்தாழ 80 கி.மீ. பயணம் செய்பவர்கள் அவர்கள். அவர்களைக் காணும்போதெல்லாம், அதே நோய்க்குத் தன் தங்கையைப் பறிகொடுத்த ஒரு மருத்துவரின் வாழ்க்கை நினைவுக்கு வருகிறது. அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி, மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். பெண்கள் கல்லூரிப் படியேறுவதை ஊர் ஏற்காத காலத்தில், எதிர்ப்பைக் கடந்து மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும் என்ற உறுதியைப் பெற்ற பின்னரே, 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

சென்னை மாகாணச் சட்ட மேலவையில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவர். அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறை ஒழிப்புக்காக அவையில் போராடினார். 1930-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்கும் சிறுமியருக்கும் அவ்வை இல்லத்தைத் தோற்றுவித்தார். ஒரு வாழ்நாளுக்கு இவையே போதுமான சாதனைகள்.

ஆனால், அவர் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதென்று தெளிவதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. அக்காள் மருத்துவராக இருந்தும் தங்கையின் வேதனையைக் குறைக்க வழியில்லை. கல்வியும் செல்வாக்கும் உள்ள குடும்பத்துக்கே இந்நிலை என்றால் ஏழைகளின் கதி என்ன என்று அவர் எண்ணினார். 1925-இல் உயர்பயிற்சிக்காக லண்டன் சென்றபோது, அங்கே புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை இயங்கக் கண்டார். நம் மண்ணிலும் அத்தகைய ஒன்று வேண்டும் என்ற உறுதி அவருக்குள் வேரூன்றியது.

அந்த உறுதி செயலாக முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் இதற்காக வேண்டுகோள் விடுத்தார். எப்படியும் இறந்துவிடும் நோயாளிக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணமே ஆட்சியாளரிடமும் மருத்துவ உலகிலும் நிலவியது. அரசின் கதவு திறக்காதபோது அவர் மக்களிடம் சென்றார். இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டு, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை பணியைத் தொடங்கியது. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67.

அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அம்மருத்துவமனையை வளர்த்தெடுத்தார். 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-இல் மறையும் வரை அதற்கே தம் வாழ்வை ஈந்தார். 1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி, 1968 ஜூலை 22 அன்று காலமானார்.

இந்த வாழ்க்கையில் ஒரு பொருளியல் மாணவன் காணும் பாடம் ஒன்றுண்டு. வீட்டுக்குள் அழுது தீர்க்க வேண்டியதாகக் கருதப்பட்ட துயரத்தை, ஊர் கூடிச் சுமக்க வேண்டிய பொறுப்பாக அவர் மாற்றினார். அப்பணியில் பாதி இன்னும் முடியவில்லை.

இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய் சிகிச்சைக்கும் உதவுகிறது. கோவையிலேயே சிகிச்சை வசதிகள் உள்ளன. ஆனால், சிகிச்சைச் செலவு வேறு, நோயின் செலவு வேறு. கதிர்வீச்சு சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் எனப் பல வாரங்கள் நீடிக்கும். நோயாளியின் கூலியோடு துணைக்குச் செல்பவரின் கூலியும் போகும். பேருந்துக் கட்டணம், வெளியூர்ச் சாப்பாடு, தங்குமிடம் ஆகியவற்றுக்கு எந்தக் காப்பீட்டு அட்டையும் முழுமையாக ஈடு தருவதில்லை. வீட்டில் பால் கறக்கவும் ஆடுகளை மேய்க்கவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் ஆளிருக்காது. இந்தச் சுமை தாளாமல் சிகிச்சையை நடுவில் நிறுத்தினால், அதுவரை செய்த செலவும் பட்ட வலியும் வீணாகும்.

இதற்கு மேல் மற்றொரு சுமை, மறைத்தல். பெண்ணுக்கு வரன் அமையாது, ஊரார் ஒதுக்குவர் என்று அஞ்சி நோயை வெளியே சொல்லாத குடும்பங்கள் நம்மிடையே பல. மறைக்கப்படும் துயரத்துக்கு எவர் கைகொடுக்க முடியும்?

கூடிச் சுமப்பது நமக்குப் புதிதல்ல. கொங்குத் திருமணங்களில் எழுதப்படும் மொய்ப் பணம், ஒரு வீட்டின் பெருஞ்செலவை ஊரார் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடுதான். முத்துலட்சுமி பிறந்த புதுக்கோட்டைச் சீமையில் மொய் விருந்து நடத்தித் தொழிலுக்கு முதல் திரட்டுகிறார்கள். மங்கல நிகழ்வுக்கு மொய் எழுதும் கை, நோயுற்ற வீட்டுக்கும் எழுதலாகாதா? ஊருக்கு ஒரு சிறு பொதுநிதி, துணைக்குச் செல்ல முறைவைத்து வரும் நான்கு பேர், கோவையில் உறவினர் வீட்டில் ஓர் அறை, ஆடுமாடுகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்துத் தோட்டத்தார் – இவற்றுக்கு அரசாணை தேவையில்லை.

தன் தங்கைக்குக் கிடைக்காததை ஊராரின் தங்கைகளுக்குக் கிடைக்கச் செய்தார் முத்துலட்சுமி. மருத்துவமனையை அவர் தந்துவிட்டார். அதன் வாயில்வரை நோயாளியைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் கடமை நம்முடையது.