நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

ஆண்டு விழா நாளன்று மேடைக்கு முன்னால் அமர்ந்திருப்போர் காண்பது ஒரு நாடகம். திரைக்குப் பின்னால் அதே நேரத்தில் வேறொரு நாடகம் நடந்துகொண்டிருக்கும். அதற்கு ஒத்திகையும் கிடையாது, கைதட்டலும் கிடையாது. தாடி ஒட்டும் பசை காணாமற்போகும். அரசிக்கு வைத்த கிரீடம் தோழியின் தலையில் இருக்கும். வீட்டிலிருந்து இரவல் வாங்கி வந்த காஞ்சிப் பட்டில் அரிதாரம் பட்டுவிட்டதே, அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று ஒருத்தி மூலையில் அழுதுகொண்டிருப்பாள். மணி அடித்த பிறகும் வசனம் மனப்பாடம் ஆகாத ஒருத்தி தூணைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருப்பாள். இத்தனைக்கும் நாம் ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே மேடையில், ஒரு மணி நேரம் நடிக்கிறோம். ஊர் ஊராகச் சென்று இரவு இரவாக விடிய விடிய நாடகம் நடத்தியவர்கள் எப்படிச் சமாளித்திருப்பார்கள்? அந்தக் குழப்பத்தின் நடுவே வாழ்நாளெல்லாம் நின்று, அதற்கு ஓர் ஒழுங்கைத் தேடிய பெரியவர் ஒருவரின் வரலாறு இது.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் தூத்துக்குடிச் சீமையில் பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை, தாயார் பேச்சியம்மாள். இளமையில் தந்தையாரிடம் தமிழ் கற்றார். பின்னர்ப் பழநி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கணமும் யாப்பும் பயின்றார். வெண்பா, கலித்துறை, வண்ணம், சந்தம் எதுவானாலும் நினைத்த மாத்திரத்தில் பாடும் ஆற்றல் அப்போதே கைவந்தது. வயிற்றுப்பாட்டுக்கு உப்பளத்தில் கணக்கு வேலை. உப்பு மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த அந்தக் கணக்கர் இருபத்துநான்காம் வயதில் பேரேட்டை மூடி வைத்துவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்.

அந்நாளில் இது எத்தகைய துணிவு என்பதை இன்று உணர்வது சற்றுக் கடினம். நாடகக்காரனுக்கு வீடு வாடகைக்குத் தரமாட்டார்கள். பெண் தரவும் தயங்குவார்கள். கூத்தாடி என்ற சொல்லே வசைச்சொல்லாக இருந்தது. நம் காஞ்சிப் பகுதிக்குக் கூத்து புதிதன்று. திரௌபதி அம்மன் விழாக்களில் நடைபெறும் பாரதக் கூத்தை அறியாத சிற்றூர் இங்கே குறைவு. புள்ளாகிய சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் என்று தலபுராணம் கூறும் திருப்புட்குழியில், இராம காதையை யாருக்கும் புத்தகம் வைத்துச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயினும் தெருவில் ஆடிய கூத்து வேறு. கொட்டகை கட்டி, வண்ணத் திரை தொங்கவிட்டு, கட்டணம் வாங்கி நடத்திய கம்பெனி நாடகம் வேறு. வடக்கிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுவினரைப் பார்த்துத் தமிழ்நாட்டிலும் அப்படிப்பட்ட கம்பெனிகள் எழுந்த காலம் அது.

முதலில் நடிகராகத்தான் சுவாமிகள் புகழ்பெற்றார். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் ஆகிய வேடங்கள் அவருக்கு வாய்த்தன. ஆஜானுபாகுவான உடல், இடிபோன்ற குரல். நளதமயந்தி நாடகத்தில் ஒருநாள் சனீஸ்வரனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் ஒப்பனையைக் கழுவக் குளத்துக்குப் போனாராம். கருநிற உருவம் ஒன்று அரையிருட்டில் நடந்து வருவதைக் கண்ட சலவைத் தொழிலாளிப் பெண் ஒருத்தி அஞ்சி விழுந்து உயிர்விட்டாள் என்று நாடக உலகில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் எழுப்பிய முழக்கம் கேட்டுக் கருவுற்றிருந்த ஒரு பெண்ணுக்கு ஊறு நேர்ந்ததாகவும் ஒரு செய்தி உண்டு. பிற நடிகர்களாயிருந்தால் இவற்றைத் தம் திறமைக்குச் சான்றாக நோட்டீசில் அச்சடித்திருப்பார்கள். சுவாமிகளோ மனம் உடைந்து போனார். வேடம் புனைவதை விட்டார். எழுதுவதிலும் கற்பிப்பதிலும் நாட்டம் திரும்பியது. நடுவில் சில காலம் துறவு பூண்டு, தலயாத்திரை சென்று, முருகனைப் பாடித் திரிந்தார். சுவாமிகள் என்ற பெயர் அவ்வாறு நிலைத்தது. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகன்போல் ஏற்று ஆதரித்தார். அங்கிருந்துதான் அவர் மீண்டும் நாடகத்துக்கு வந்தார்.

மீண்டும் வந்தவர் கண்டது என்ன? இங்கேதான் நாம் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்க வேண்டும்.

அக்காலத்தில் பெருவழக்காயிருந்தது ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். பபூன் எந்த ஊரென்று அவருக்கே தெரிந்தால் உண்டு. நாடகத்தன்று மாலையில்தான் எல்லோரும் கொட்டகையில் ஒன்று கூடுவார்கள். ஒத்திகை என்ற பேச்சுக்கே இடமில்லை. வள்ளியாக வரவேண்டியவர் ரயிலைத் தவறவிட்டால், அவர் வந்து சேரும்வரை நாரதர் மேடையில் நின்று பாடிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கும் சரக்குத் தீர்ந்தால் பபூனைத் தள்ளிவிடுவார்கள். ஒருவர் பாட்டுக்குக் கைதட்டல் அதிகமாகிவிட்டால் மற்றவருக்குப் பொறுக்காது. கதையை மறந்து, மேடையிலேயே கேள்விமேல் கேள்வியாகக் கேட்டு எதிரியை மடக்கப் பார்ப்பார். கட்டிய கணவனும் மனைவியுமாக நடிக்கிறவர்கள் கச்சை கட்டிக்கொண்டு தர்க்கம் செய்வதைக் கேட்கவே ஒரு கூட்டம் வரும். திரை இழுப்பவன் உறங்கிப்போனால் அரண்மனையில் காடு தொங்கும். மதுப் பழக்கம் உள்ளவர்கள் மேடைக்கு வரும் நிலையில் இருப்பார்களா என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். பார்ப்பவர்களுக்கு இது நல்ல சிரிப்பு. பணம் போட்டவர்களுக்கும், தமிழ் மேல் பற்றுக்கொண்ட ஒருவருக்கும் இது கண்ணீர்.

இந்தக் கந்தரகோளத்துக்கு மருந்தாக அமைந்தவை சுவாமிகளின் நாடகங்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ச்சுனா, சதி சுலோசனா என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். அவற்றுள் ஒரு பகுதியே இன்று நமக்குக் கிடைக்கிறது. பாட்டும் வசனமும் ஒழுங்காக எழுதப்பட்ட ஒரே பாடம் எங்கும் பரவியபோது, முன்பின் பாராத நடிகர்கள் கூட அந்தப் பாடத்தை மனத்தில் கொண்டு ஒரே கதையை நடத்த முடிந்தது. வேலன் ஓர் அடியை எடுத்தால் வள்ளிக்கு அடுத்த அடி தெரியும். வீணாய்ப் போகவிருந்த எத்தனை இரவுகளை அந்தப் பொது ஏடு காப்பாற்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! பாட்டுகள் மிகுதி, வசனம் கடினம் என்று அவரைக் குறை சொல்வோர் உண்டு. அந்தக் குறையில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கதை போய்ச்சேரப் பாட்டைவிட வேறு வழி என்ன இருந்தது?

நம் பள்ளியின் வாசகர்கள் மகிழத்தக்க செய்தி ஒன்று. புராணக் கதைகளையே பெரும்பாலும் எழுதிய இந்த முருக பக்தர் ஞானசௌந்தரி நாடகத்தையும் இயற்றினார். மாற்றாந்தாயின் கொடுமையால் கைகளை இழந்த அரசகுமாரிக்கு தேவமாதா அவற்றைத் திரும்ப அருளும் அந்தக் கதை, கத்தோலிக்கக் குடும்பங்களில் பாட்டிமார் சொல்லக் கேட்டது. எல்லாச் சமயத்தாரும் கொட்டகையில் அமர்ந்து அழுது பார்த்த கதையாகவும் அது ஆயிற்று. பிற்காலத்தில், 1948ஆம் ஆண்டில், அதே கதை ஒரே ஆண்டில் இரண்டு திரைப்படங்களாக வெளிவந்தது என்றால் அதற்கிருந்த செல்வாக்கைச் சொல்ல வேண்டுவதில்லை. ஷேக்ஸ்பியரின் கதைகளையும் சுவாமிகள் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார்.

ஏடு இருந்தால் போதுமா? நடிப்பவர் ஒழுங்காயிருக்க வேண்டுமே. வளர்ந்தவர்களைத் திருத்த முடியாது என்று கண்ட சுவாமிகள் சிறுவர்களிடம் வந்தார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தோற்றுவித்தார். இனிய குரலால் பின்னாளில் நாட்டையே மயக்கிய எஸ்.ஜி. கிட்டப்பா அவரிடம் பயின்றவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையின் ஆசிரியரானார். அவ்வாண்டு தி.க. சங்கரன், முத்துசாமி, சண்முகம் என்ற சகோதரர்கள் அதில் சேர்ந்தனர். சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. நம் பள்ளியில் என்றால் ஒன்றாம் வகுப்பு!

பாலர் சபை என்பது பாதி பள்ளிக்கூடம், பாதி ராணுவ முகாம். எல்லோருக்கும் ஒரே கூரை, ஒரே பந்தி. காலையில் பாட்டு, பகலில் வசனம், இரவில் நாடகம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை பாடல்களைக் காதால் கேட்டே நெட்டுருப் போடும். உச்சரிப்புத் தவறினால் சுவாமிகளின் கோபத்துக்குத் தப்ப முடியாது. பெண் வேடமும் சிறுவர்களுக்கே. கும்பகோணம் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களைக் கொண்டே கம்பெனி நடத்தியது அக்காலத்தின் பெரிய விதிவிலக்கு. மூட்டை முடிச்சு, திரைச் சுருள், கியாஸ் விளக்கு, சமையல் பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் பயணம். தாயின் நினைவு வந்து இரவில் விம்மும் குழந்தைக்கும் மறுநாள் கிருஷ்ணன் வேடம் காத்திருக்கும். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை கதாநாயகியாக இருந்தவன் இன்று பின்பாட்டுக்கும் ஆகாதவன். இவற்றையெல்லாம் இக்காலத்துச் சட்டமும் ஏற்காது, நம் மனமும் ஏற்காது. சுவாமிகளைப் போற்றும்போது அந்தச் சிறுவர்கள் கொடுத்த விலையை மறைத்துவிடக் கூடாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பசியோடு வந்த ஏழைப் பிள்ளைகள் பலருக்குச் சோறும் தமிழும் ஒருங்கே கிடைத்த இடமும் அதுதான்.

அவர் வேலை செய்த விதத்துக்கு ஒரு சான்று. சிறுவர்களுக்கென்று புதிய நாடகம் வேண்டியிருந்தது. ஓர் இரவு சுவாமிகள் விளக்கை ஏற்றிக்கொண்டு எழுத உட்கார்ந்தார். பொழுது விடிந்தபோது பாடல்களும் வசனங்களுமாக ‘அபிமன்யு சுந்தரி’ முழுமையாக முடிந்திருந்தது. அடித்தல் திருத்தல் இல்லை. சிறுவன் சண்முகம் அதில் அபிமன்யுவாக நடித்தான். அந்த அதிசயத்தைக் கண்டவர்கள் ஆயுள் முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லி வியந்தார்கள்.

ஓயாத பயணமும் இரவு விழிப்பும் உடம்பை விட்டுவைக்குமா? கடைசிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் வழங்கவில்லை. அதனினும் கொடுமை, பேச்சு நின்றுவிட்டது. ஒரு மூச்சில் நூறு கவி சொன்ன நா அடங்கிற்று. சபையோ அவரை விட்டுப் போகவில்லை. அவரும் சபையை விட்டுப் பிரியவில்லை. சொல்ல வந்ததைச் சொல்ல இயலாமல் ஆசிரியர் அமர்ந்திருக்க, அவர் சொல்லித் தந்த வசனங்களைப் பிள்ளைகள் பேசினார்கள். சபை புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது, 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் சுவாமிகள் மறைந்தார். வயது 55. திருமணம் செய்துகொள்ளவில்லை, சொத்தென்று சேர்க்கவுமில்லை. கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அபிமன்யுவாக நடித்த சிறுவன் வளர்ந்து அவ்வை டி.கே. சண்முகம் ஆனார். டி.கே.எஸ். சகோதரர்கள் தமிழ்நாடெங்கும் பெயர் பெற்றனர். தம் ஆசிரியரின் பெயரைச் சொல்லாமல் சண்முகம் மேடை ஏறியதில்லை என்னும் அளவுக்கு, 1973இல் தாம் மறையும்வரை அவர் நினைவைப் போற்றினார். சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வேலனாகக் கிட்டப்பாவும் வள்ளியாகக் கே.பி. சுந்தராம்பாளும் பாடியதைக் கேட்க மைல் கணக்கில் நடந்து வந்தவர்கள் உண்டு. 1933இல் கிட்டப்பா இளவயதிலேயே இறந்தபின், சுந்தராம்பாள் வெண்ணிற ஆடை உடுத்தி வாழ்ந்ததை உங்கள் பாட்டிமார் சொல்வார்கள்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் கோயில் திருவிழா வந்தால் இன்றும் ஸ்பெஷல் நாடகம் உண்டு. நடிகர்கள் இன்றும் வெவ்வேறு ஊர்களிலிருந்துதான் வருகிறார்கள். இப்போது ரயிலுக்குப் பதில் பேருந்து. இரவு பத்து மணிக்குமேல் ஆர்மோனியம் ஒலிக்கும், நாரதர் வருவார், தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடுவாள். அதற்குச் சற்று முன்பு, திரைக்குப் பின்னால், நடிகர்கள் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைச் சொல்லி வணங்கிவிட்டு முகத்தில் பவுடர் பூசத் தொடங்குகிறார்கள்.