ஆக்செல் சால்ட்டோ

ஆக்செல் சால்ட்டோ (நவம்பர் 17, 1889 – மார்ச் 21, 1961) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஓவியரும் மட்பாண்டக் கலைஞரும் ஆவார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்காண்டிநேவிய நாடுகளில் உருவான ஸ்டோன்வேர் கலைப்பொருட்களுள், மொட்டு விடுவன போலவும் முளைப்பன போலவும் தோன்றும் இவருடைய பூச்சாடிகள் தனித்தன்மை வாய்ந்தவை. ஸ்டோன்வேர் என்பது சுமார் 1,200 பாகை செல்சியசு அல்லது அதற்கும் கூடிய வெப்பத்தில் சுடப்பட்டு, கல்லைப் போல் இறுகும் மட்பாண்ட வகையாகும்.

இளமையும் ஓவியமும்

சால்ட்டோ கோபனாவன் நகரில் பிறந்தார். 1909 முதல் 1914 வரை டேனிய அரச நுண்கலைக் கழகத்தில் ஓவியம் பயின்றார். 1916 இல் பாரிசு சென்றபோது பிக்காசோ, மட்டீசு ஆகியோரைச் சந்தித்தார். நாடு திரும்பியபின், 1917 இல் கிளிங்கென் என்னும் கலை இதழைத் தொடங்கினார். ஐரோப்பாவின் புதிய ஓவியப் போக்குகளை டேனிய வாசகர்களுக்கு அறிமுகப்படுத்திய இவ்விதழ் 1920 வரை வெளிவந்தது. 1920களில் "நால்வர்" என்னும் ஓவியர் குழுவிலும் இவர் இடம்பெற்றிருந்தார்.

களிமண்ணை நோக்கி

1920களில் பிங் அண்ட் குரொண்டால் நிறுவனத்திற்காகப் பீங்கான் கலங்களை வடிவமைத்தார். இவை 1925 ஆம் ஆண்டின் பாரிசுப் பன்னாட்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. ஆனால் பீங்கானின் வழவழப்பான வெண்பரப்பு அவர் தேடிய ஆற்றலைத் தாங்கவில்லை. முரட்டுத்தன்மை கொண்ட ஸ்டோன்வேர் களிமண்ணே அவருக்கு ஏற்ற ஊடகமாயிற்று. மட்பாண்டக் கலைஞர் கார்ல் ஆலியருடனும், பின்னர் 1930களின் தொடக்கத்தில் சாக்சுபோ பட்டறையிலும் பணியாற்றினார். அப்பட்டறையை நடத்திய நத்தாலி கிரெப்சு, வேதிப்பொறியியல் பயின்றவர். மெருகுக் கலவைகளில் தேர்ந்தவர். அதன் பின்னர் ராயல் கோபனாவன் பீங்கான் ஆலையுடன் சால்ட்டோ கொண்ட தொடர்பு அவரது இறுதிக்காலம் வரை நீடித்தது.

மூன்று பாணிகள்

இவருடைய ஆக்கங்கள் பொதுவாக மூன்று பாணிகளாக வகுக்கப்படுகின்றன.

வரிப்பள்ளப் பாணி: கலத்தின் மேற்பரப்பில் வரிவரியாகப் பள்ளங்களும் மேடுகளும் அமைந்திருக்கும்.

மொட்டுப் பாணி: விதைகளையும் மொட்டுகளையும் நினைவூட்டும் புடைப்புகள் கலத்தைச் சூழ்ந்திருக்கும்.

முளைப் பாணி: புடைப்புகள் நீண்டு, தோலைக் கிழித்து வெளிவரும் முளைகளைப் போல நிற்கும்.

இயற்கையின் புறத்தோற்றத்தைப் படியெடுப்பது கலைஞரின் வேலை அன்று என்றும், இயற்கை எவ்வாறு படைக்கிறதோ அவ்வாறே படைக்க வேண்டும் என்றும் சால்ட்டோ கருதினார். எனவே அவர் பூச்சாடியின்மேல் செடியை வரையவில்லை. பூச்சாடியையே வளரும் செடியாக்கினார். வேட்டைக்காரன் அக்டியோன் மானாக மாறும் கிரேக்கத் தொன்மமும் அவரை ஈர்த்தது. மனிதத் தலையில் கொம்பு முளைக்கும் அத்தருணம் அவருடைய படைப்புகளில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றது. பயன்பாட்டையும் எளிய வடிவத்தையும் போற்றிய அக்கால டேனிய வடிவமைப்பின் நடுவே, இது எதிர்த்திசையில் செல்வதாக இருந்தது.

சூளையின் பங்கு

சால்ட்டோவின் புடைப்புகள் வெறும் அலங்காரம் அல்ல. மெருகின் ஓட்டத்தை அவை வழிநடத்தின. சூளையில் உருகும் மெருகு, மேடுகளிலிருந்து வழிந்து பள்ளங்களில் தேங்கும். இதனால் முனைகள் வெளிறியும் இடைவெளிகள் அடர்ந்த நிறத்துடனும் அமையும். சொல்பதாரா, சுங் ஆகிய மெருகுகள் இவருடைய கலங்களில் பெரிதும் பயன்பட்டன. சுங் என்னும் பெயர் சீனாவின் சொங் அரசமரபைக் குறிப்பது.

தரையில் வைக்கப்படும் பெரிய பூச்சாடிகளில் இம்முறை மிகுந்த இடர் கொண்டது. களிமண் உலரும்போதும் சுடப்படும்போதும் சுருங்கும். கனமான புடைப்புகளும் மெல்லிய பகுதிகளும் ஒரே அளவில் உலராவிடில் வெடிப்பு ஏற்படும். மெருகு மிகுதியாக ஓடினால் கலம் சூளைத் தட்டுடன் ஒட்டிக்கொள்ளும். நெடுநாள் உழைப்பின் விளைவு சூளை திறக்கப்படும்போதே தெரியவரும். கையால் முழுமையாகக் கட்டுப்படுத்த இயலாத இந்த நிகழ்வைச் சால்ட்டோ தம் கலையின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டார்.

பிற பணிகள்

நூற்கட்டுத் தாள்களுக்கும் துணிகளுக்கும் கோலங்கள் வடிவமைத்தார். தம் கலைக்கொள்கையை விளக்கி, முளைப் பாணி எனப் பொருள்படும் தலைப்பில் 1949 இல் ஒரு நூலை வெளியிட்டார்.

மதிப்பீடு

1937 இல் பாரிசிலும், 1951 இல் மிலான் திரியெனாலேயிலும் இவருக்குப் பெரும்பரிசு வழங்கப்பட்டது. இவருடைய ஆக்கங்கள் டென்மார்க்கின் மிடில்ஃபார்ட்டில் உள்ள கிளே மட்பாண்ட அருங்காட்சியகம் உள்ளிட்ட பல இடங்களில் பாதுகாக்கப்பட்டுள்ளன. 2024 இல் இங்கிலாந்தின் எப்வர்த் வேக்ஃபீல்டு கலைக்கூடத்தில் இவருடைய படைப்புகள், மட்பாண்டக் கலைஞர் எட்மண்டு டி வாலின் படைப்புகளுடன் இணைத்துக் காட்சிப்படுத்தப்பட்டன. ஓவியராகத் தொடங்கிய சால்ட்டோ இன்று பெரிதும் அறியப்படுவது, பூக்களை ஏந்துவதைவிடத் தாமே பூக்க முற்படுவன போன்ற இக்கலங்களுக்காகவே.