மின்விசையை ஆராய்ந்த மேகநாத சாகா

உலர்ந்த தலைமயிரில் தேய்த்த சீப்பைக் காகிதத் துணுக்குகளின் அருகே காட்டினால், அவை தாவி வந்து ஒட்டும். நம் இராயபுரத்தில் கடற்காற்றின் ஈரம் மிகுந்த நாளில் இச்சோதனை பலிப்பது அரிது; ஈரம், சீப்பின் மின்னூட்டத்தைக் கசியச் செய்துவிடும். தொடாத பொருளை மின்னூட்டம் இழுப்பது எங்ஙனம்? இவ்வினாவில் உழைத்த அறிஞருள் ஒருவர் மேகநாத சாகா.

இன்றைய வங்கதேசத்தில், டாக்கா அருகே ஒரு சிற்றூரில், 1893 அக்டோபர் 6-ஆம் நாள் ஏழைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். அனந்தகுமார் தாஸ் என்னும் மருத்துவர் உணவும் உறைவிடமும் அளித்தமையால் படிப்புத் தொடர்ந்தது. வங்கப் பிரிவினையை எதிர்த்த கிளர்ச்சியில் பங்கு கொண்டு, பள்ளியையும் உதவித்தொகையையும் இழந்தார். வேறு பள்ளியில் பயின்று, 1911-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரி புகுந்தார். அங்கே விடுதியில் உயர்சாதி மாணவர் சிலர் அவருடன் உண்ண மறுத்தனர். அவரோ கல்வியைக் கைவிட்டாரல்லர்.

ஒத்த மின்னூட்டங்கள் விலக்கும், வேறானவை ஈர்க்கும் என்பதைப் பள்ளியில் கற்கிறோம். காரணம் கூறியவர் கொல்லர் மகனான பாரடே. மின்னூட்டம் தன்னைச் சூழ்ந்த வெளியில் மின்புலத்தை உண்டாக்குகிறது. அப்புலமே அங்குள்ள மற்றொரு மின்னூட்டத்தைத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது. புலத்தின் மாற்றம் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பரவும். ஆகவே, ஓடும் எலக்ட்ரான் செலுத்தும் விசை, அது சற்றுமுன் இருந்த நிலையைப் பொறுத்தது. ஐன்ஸ்டீனின் சார்பியல் வழிநின்று, ஓடும் இரு எலக்ட்ரான்களுக்கு இடையேயான விசையின் விதியைக் கணித்து 1919-இல் சாகா வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 25.

அடுத்த ஆண்டே, கதிரவனின் வெம்மையில் அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கும் அளவைக் கணக்கிட்டு உலகப் புகழ் எய்தினார். 1927-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1952-இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1956 பிப்ரவரி 16-இல் மறைந்தார்.

அன்புத் தம்பிகளே, தங்கைகளே! எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை ஊருக்கு ஒளி தந்தது. நம் பகுதியினர் ஆலைகளிலும் துறைமுகத்திலும் உடலுழைப்பை அளித்தனர். அந்த ஒளிக்குப் பின்னுள்ள கணக்கு நமக்கு எட்டாதது என எவரேனும் கூறின் நம்பாதீர்கள். வறுமையைக் காரணமாக்கிப் பத்தாம் வகுப்போடு நின்றுவிடாதீர்கள். அனந்தகுமார் தாஸ் செய்ததைச் செய்யவே நம் சங்கம் இருக்கிறது. சாகா செய்ததைச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.