பூ பூத்த தேதியை எழுதி வைத்த தோரோ: 150 வருஷம் கழித்து அந்த நோட்டு ஏன் முக்கியமானது?

திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் கோயிலின் தல விருட்சம் மகிழ மரம். கார்த்திகை தீபம் எந்தத் தேதி என்று கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவோம். மகிழம் இந்த வருஷம் எந்தத் தேதியில் முதல் பூ விட்டது, போன வருஷம் எப்போது என்று கேட்டால்? நம்மில் பெரும்பாலானோரிடம் பதில் இருக்காது. ஆனால், அமெரிக்காவில் ஒருவர் தன் ஊர்ச் செடிகளுக்கு இந்தக் கணக்கை வருஷக்கணக்கில் எழுதி வைத்தார். காலநிலை மாற்றத்தைப் புரிந்துகொள்ள அந்த நோட்டு இன்று உதவுகிறது.

யார் இவர்?

ஹென்றி டேவிட் தோரோ. 1817 ஜூலை 12-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்தின் கான்கார்ட் ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு பென்சில் தயாரிக்கும் தொழில். 1837-ல் ஹார்வர்டில் பட்டம் வாங்கினாலும் பெரிய வேலை எதற்கும் போகவில்லை. கொஞ்ச நாள் பள்ளி ஆசிரியர், பிறகு பென்சில் பட்டறை, நில அளவை. மிச்ச நேரமெல்லாம் காடு, வயல், குளக்கரை என்று நடைதான்.

1845 ஜூலை 4 அன்று, நண்பர் எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில், வால்டன் குளக்கரையில் தானே கட்டிய சின்ன வீட்டில் குடியேறினார். இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கே வாழ்ந்தார். நடுவில் 1846-ல், அடிமைமுறையை ஆதரிக்கும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று சொல்லி ஓர் இரவு சிறையிலும் இருந்தார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த கட்டுரையைத்தான் பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தி படித்தார்.

மெட்ராஸுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

ஐஸ்! 1846-47 குளிர்காலத்தில் உறைந்துபோன வால்டன் குளத்தில் சுமார் 100 ஆட்கள் இறங்கி பனிக்கட்டி வெட்டினார்கள். அந்த வட்டார ஏரி, குளங்களின் பனிக்கட்டியை ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி கப்பலில் ஏற்றி இந்தியா வரை அனுப்பிக்கொண்டிருந்தார். தன் குளத்துத் தண்ணீர் மெட்ராஸ்வாசிகளின் தாகத்தைத் தீர்க்கும் என்று தோரோ 'வால்டன்' நூலில் கற்பனை செய்தார். அந்த ஐஸைச் சேமிக்க 1842-ல் மெரினா எதிரே கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

அப்படி நோட்டில் என்ன எழுதினார்?

1850-களில் தோரோவுக்குப் புதுப் பழக்கம் வந்தது. எந்தச் செடி எந்த நாளில் முதல் பூ விட்டது, எந்த மரம் எப்போது துளிர்த்தது, எந்தப் பறவை எப்போது திரும்பி வந்தது, வால்டன் குளத்தின் பனி எப்போது முழுசாக உருகியது என்று தேதி போட்டு எழுதினார். 500-க்கும் மேற்பட்ட செடி வகைகளின் பூக்கும் தேதிகள் சேர்ந்தன. இதை வைத்து கான்கார்டுக்கு ஓர் இயற்கைப் பஞ்சாங்கம் தயாரிக்க நினைத்தார். முடியவில்லை. 1862 மே 6 அன்று காசநோயால் இறந்தார். வயது 44.

பிறகு என்ன நடந்தது?

2000-களில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரிமாக், ஆபிரஹாம் மில்லர்-ரஷிங் இருவரும் தோரோவின் தேதிகளை எடுத்துக்கொண்டு அதே ஊரில் மறுபடி பூ தேடினார்கள். அடிக்கடி தென்படும் 43 செடி வகைகள் சராசரியாக 7 நாள் முன்னதாகவே பூக்கின்றன என்று தெரிந்தது. குளத்தின் பனி சுமார் 2 வாரம் முன்பே உருகிவிடுகிறது. புவி வெப்பமடைதலோடு பாஸ்டன் நகர வளர்ச்சியும் சேர்ந்து அந்தப் பகுதியின் வெப்பநிலையை 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயர்த்தியிருக்கிறது.

இன்னொரு அதிர்ச்சியும் இருந்தது. தோரோ பார்த்த செடி வகைகளில் சுமார் 27 சதவீதம் இன்று கான்கார்டில் இல்லை. வெப்பத்துக்கு ஏற்ப பூக்கும் தேதியை மாற்றிக்கொள்ள முடியாத வகைகளுக்குத்தான் அடி அதிகம்.

ஒரு வாரம் முன்னால் பூத்தால் என்ன நஷ்டம்?

எல்லா உயிரும் ஒரே வேகத்தில் தேதியை மாற்றினால் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் பார்க்கும் கடிகாரம் வேறு. சில செடிகள் வெப்பத்தைப் பார்க்கின்றன, சில பகல் நேரத்தின் நீளத்தைப் பார்க்கின்றன. பூச்சிகளுக்கு நம்மைப்போல நிலையான உடல் வெப்பம் கிடையாது. அதனால் சூடு ஏறினால் அவற்றின் வளர்ச்சியும் வேகமெடுக்கும். பூ தயாராகும்போது தேனீ வரவில்லை என்றால் காய்ப்பு குறையும். தேனீ வரும்போது பூ இல்லை என்றால் அது பட்டினி. கான்கார்டிலேயே காட்டு மரங்கள் சீக்கிரம் இலை விட்டு நிழலைப் பரப்புவதால், அடியில் வளரும் சிறு பூச்செடிகளுக்கு வெயில் கிடைக்கும் நாட்கள் குறைகின்றன.

நம்ம ஊர் கணக்கு கொஞ்சம் வேறு. இங்கே வெப்பத்தோடு மழையும் வறட்சியும் சேர்ந்துதான் தேதியைத் தீர்மானிக்கின்றன. மா பூக்க, குளிர்ச்சியான, மழையில்லாத நாட்கள் வேண்டும். பூத்திருக்கும்போது பருவம் தப்பி மழை பெய்தால் பூ கொட்டும், மகரந்தச் சேர்க்கைக்கு வரும் ஈக்கள் குறையும். விவசாயிக்கு அந்த வருஷ வருமானமே ஆட்டம் காணும்.

நாம் என்ன செய்யலாம்?

இந்தியாவில் 'சீசன்வாட்ச்' என்ற மக்கள் அறிவியல் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே மரத்தை வாரம் ஒரு தடவை பார்த்து இலை, பூ, காய், பழம் எந்த அளவில் இருக்கின்றன என்று பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். கேரளத்தில் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இதைச் செய்கிறார்கள். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் மரத்துக்குப் பஞ்சமில்லை, மாதாமாதம் பௌர்ணமிக்கு நடப்பவர்களுக்கும் பஞ்சமில்லை. தோரோவிடம் இருந்தது ஒரு பென்சிலும் நோட்டும். நம் கையில் தேதியோடு படம் எடுக்கும் போனே இருக்கிறது.