வால்டர் கேம்ப்

வால்டர் சான்சி கேம்ப் (ஏப்ரல் 7, 1859 - மார்ச் 14, 1925) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கல்லூரிக் காற்பந்து ஆட்டக்காரரும் பயிற்றுநரும் விளையாட்டு எழுத்தாளரும் ஆவார். அமெரிக்கக் காற்பந்தின் தந்தை என்று அறியப்படுகிறார். இங்கு காற்பந்து எனப்படுவது உலகின் பிற பகுதிகளில் ஆடப்படும் கால்பந்து அன்று. ரக்பியிலிருந்து பிரிந்து வளர்ந்த, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டமாகும்.

இளமை

கேம்ப் கனெடிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில் பிறந்தார். நியூ ஹேவனில் ஹாப்கின்ஸ் பள்ளியில் பயின்றபின் 1876-இல் யேல் கல்லூரியில் சேர்ந்தார். 1880-இல் பட்டம் பெற்றபின் அங்கேயே மருத்துவம் படிக்கத் தொடங்கினார்; ஆனால் அப்படிப்பை முடிக்கவில்லை. அக்காலத்தில் பட்டம் பெற்றவர்களும் கல்லூரி அணியில் ஆடலாம் என்பதால் 1882 வரை யேல் அணிக்காக ஆடினார். பின்னர் நியூ ஹேவன் கடிகார நிறுவனத்தில் பணியில் சேர்ந்து, 1903-இல் அதன் தலைவரானார். அவருடைய பிழைப்புத் தொழில் கடைசி வரை கடிகாரமே.

விதிகள்

1870களின் இறுதியில் ஆட்டம் ஏறக்குறைய ரக்பியாகவே இருந்தது. இரு அணியினரும் முட்டித் தள்ளும் கூட்டத்தின் நடுவிலிருந்து பந்து எப்பக்கம் வெளிவரும் என்று யாராலும் சொல்ல இயலாது. பந்து ஓர் அணியின் உடைமையாக இருக்கவேண்டும். அவ்வணி கோடு ஒன்றின் பின்னே நின்று, தான் விரும்பும் நேரத்தில் ஆட்டத்தைத் தொடங்கவேண்டும் என்று கேம்ப் முன்மொழிந்தார். 1880-இல் இது ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் அணியின் எண்ணிக்கையும் 15-இலிருந்து 11 ஆகக் குறைக்கப்பட்டது.

இம்மாற்றம் எதிர்பாராத சிக்கலைத் தோற்றுவித்தது. 1881-இல் யேலும் பிரின்ஸ்டனும் மோதியபோது, முற்பாதி முழுதும் பிரின்ஸ்டனும் பிற்பாதி முழுதும் யேலும் பந்தை விடாமல் வைத்துக்கொண்டன. ஆட்டம் 0-0 என முடிந்தது. பார்க்க வந்தவர்கள் சலித்துப்போயினர். தீர்வாக, மூன்று முயற்சிகளில் 5 கஜம் முன்னேறவேண்டும், இல்லையேல் பந்தை எதிரணிக்குத் தரவேண்டும் என்ற விதி 1882-இல் வந்தது. தொலைவை அளக்கத் திடலில் 5 கஜத்துக்கு ஒன்றாகக் கோடுகள் வரையப்பட்டன. இன்றைய ஆட்டத்தின் எலும்புக்கூடு இவ்விதியே எனலாம்.

பயிற்றுநர்

1888 முதல் 1892 வரை யேல் அணியின் தலைமைப் பயிற்றுநராக இருந்தார். இவ்வைந்து பருவங்களில் யேல் 67 ஆட்டங்களில் வென்று இரண்டில் மட்டுமே தோற்றது. 1888-இல் 13 ஆட்டங்களில் 698 புள்ளிகள் எடுத்து, எதிரணிகளுக்கு ஒரு புள்ளியும் விட்டுக்கொடுக்கவில்லை. பகலில் அலுவலகத்தை விட்டு வர இயலாத நாட்களில் அவர் மனைவி ஆலிஸ் பயிற்சியைக் கவனித்துக் குறிப்பெடுத்து வருவார். மாலையில் அவர்கள் வீட்டில் ஆட்டக்காரர்கள் கூடி அக்குறிப்புகளை வைத்து உரையாடுவர். ஆலிஸுக்கும் இவ்வெற்றிகளில் பங்குண்டு என்பது மிகையன்று. பின்னர் கேம்ப் ஸ்டான்போர்டு அணிக்கும் பயிற்சி அளித்தார். நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட அனைத்து அமெரிக்க அணி 1889-இல் முதன்முறையாக வெளியிடப்பட்டதிலும் காஸ்பர் விட்னியுடன் அவருக்குப் பங்குண்டு.

வன்முறையும் 1905 நெருக்கடியும்

இடுப்புக்குக் கீழே பிடித்து வீழ்த்துவதை அனுமதிக்கும் 1888 விதி கேம்பின் ஆதரவுடன் வந்தது. திறந்தவெளியில் ஓடுவது கடினமாகவே, அணிகள் கூட்டமாகச் சேர்ந்து ஒரே இடத்தில் மோதும் உத்திக்கு மாறின. எலும்பு முறிவுகளும் இறப்புகளும் பெருகின. 1894-இல் கேம்ப் முன்னாள் ஆட்டக்காரர்களின் கருத்துகளைத் திரட்டி, ஆட்டம் தீங்கற்றது என்று காட்டும் நூலொன்றை வெளியிட்டார். தனக்கு வந்த எதிர்மறைக் கருத்துகள் பலவற்றை அவர் விட்டுவிட்டார் என்று பிற்கால ஆய்வாளர்கள் சுட்டியுள்ளனர். அவர் வாழ்வில் எளிதில் கடந்துபோக முடியாத பகுதி இது.

1905 பருவத்தில் நாடெங்கும் குறைந்தது 18 பேர் இறந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் யேல், ஹார்வர்டு, பிரின்ஸ்டன் ஆகியவற்றின் சார்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார், கேம்பும் சென்றிருந்தார். யேலில் அவர் பொறுப்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் விளையாட்டு நிதி சேர்ந்திருந்ததும் இதே காலத்தில் வெளிவந்து கண்டனத்துக்குள்ளானது. மூன்று முயற்சிகளில் 10 கஜம் என்ற மாற்றமே போதும் என்பது கேம்பின் நிலைப்பாடு. பந்தை முன்னோக்கி எறிவதை அவர் விரும்பவில்லை. 1906-இல் புதிய விதிக்குழு இரண்டையுமே ஏற்றது. குழுவின் செயலர் பொறுப்பு ஹார்வர்டின் பில் ரீடுக்குச் சென்றது. கேம்ப் உறுப்பினராகத் தொடர்ந்தார்.

பிற்காலம்

முதல் உலகப்போரின்போது கடற்படையினருக்காக 12 எளிய உடற்பயிற்சிகளை வகுத்தார். போருக்குப் பின் இவை இசைத்தட்டுகளாகவும் வெளிவந்து வீடுகளில் பரவின.

1925 மார்ச்சில் விதிக்குழுக் கூட்டத்துக்காக நியூயார்க் சென்றிருந்தபோது, விடுதியில் உறக்கத்திலேயே காலமானார். காலையில் கூட்டத்துக்கு வராததால் தேடிச்சென்றபோதே இது தெரியவந்தது.