படிப்பொறி கண்ட செஸ்டர் கார்ல்சன்

ஒரு நூலைப் பெறவேண்டின் அதனைக் கையாற் பெயர்த்தெழுதிக் கொள்வதன்றி வேறு வழியில்லாதிருந்த காலம் ஒன்றுண்டு. அரியலூரைச் சார்ந்த ஏலாக்குறிச்சியில் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் தங்கியிருந்த நாளில், எழுத்தாணி பிடித்தார் கை சலிக்க ஓலையோலையாக எழுதினாலன்றி ஓரூர் நூல் மற்றோரூரை எட்டுதல் அரிது. இன்றோ அரியலூரிலும் பெரம்பலூரிலும் பட்டாவோ பள்ளிச் சான்றிதழோ கையிற்கொண்டார் எவரும் கடைத்தெருவில் 'ஜெராக்ஸ்' கடையை நாடி நொடிப்பொழுதிற் படியெடுத்து மீள்கின்றனர். இவ்வெளிமையை உலகிற்கு ஈந்தவர் செஸ்டர் கார்ல்சன் என்பார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கார்ல்சன் 1906ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8ஆம் நாள் அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரிற் பிறந்தார். தந்தையார் முடிதிருத்துந் தொழிலினர். காசநோயும் மூட்டுவாதமும் பற்றியமையின் உழைக்க இயலாதவரானார். அதனால் குடும்பச்சுமை சிறுவர் தோள்மேல் ஏறிற்று. 17ஆம் வயதில் அன்னையாரையும் இழந்தார். ஆயினும் கல்வியைக் கைவிட்டாரல்லர். வேலை செய்துகொண்டே பயின்று, 1930இல் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் பௌதிகப் பட்டம் பெற்றார். அக்காலை வாணிகம் எங்கும் வீழ்ந்து கிடந்தது. 82 நிறுவனங்களுக்கு விண்ணப்பம் விடுத்தவருக்குப் பெல் ஆய்வுக்கூடம் ஒன்றே இடமளித்தது. அவ்வேலையும் 1933இற் போயிற்று.

பின்னர் நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் அமர்ந்தார். ஆங்கு வேண்டிய பத்திரங்களின் படிகள் எப்பொழுதும் போதாவாயின. இரவிற் சட்டம் பயின்றவர், நூல் வாங்கப் பொருளின்மையால், பொதுநூலகத்தில் அமர்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்டார். தந்தையாரை வருத்திய மூட்டுவாதம் அவரையும் தொடர்ந்தது. இத்துன்பமே அவரை ஆராய்ச்சியிற் செலுத்திற்று.

1938ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22ஆம் நாள், அஸ்டோரியா என்னுமிடத்தில் ஒரு சிறு வாடகை அறையில், ஆட்டோ கோர்னை என்னும் துணைவருடன் அவர் சோதனை செய்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினர். நாளும் இடமும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து ஒளியைப் பாய்ச்சினர். ஒளி பட்ட இடத்தில் மின் நீங்கிற்று. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் நின்றது. நுண்பொடி தூவி ஊதவே, எழுத்துமட்டும் பொடியால் துலங்கிற்று. அதனை மெழுகுதாளிற் பதித்தெடுத்தனர். மையின் ஈரம் வேண்டாத முதற்படி அதுவே.

அற்புதத்தைக் கண்டும் உலகம் அசையவில்லை. துணைவர் வேறு பணி தேடி அகன்றார். இருபதிற்கு மேற்பட்ட பெருநிறுவனங்கள் கைவிரித்தன. 1942இற் காப்புரிமை கிடைத்தும் பயனில்லை. 1945இல் இல்லறமும் முறிந்தது. இதற்கிடையே 1944இற் பேட்டல் ஆய்வு நிலையமும், 1947இல் ராச்செஸ்டர் நகரத்து ஹாலாய்டு நிறுவனமும் கைகொடுத்தன. உலர்வாக எழுதுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்ததே 'ஜெராக்ஸ்' என்னும் பெயர். 1959இல் 914 என்னும் பொறி வெளிப்பட்டது. தகட்டின் இடத்தில் செலினியம் பூசிய உருளை சுழன்றது. பொறியை மாத வாடகைக்கு விட்டு, முதல் 2,000 படிகளுக்கு மேற்பட்டவற்றிற்குத் தனிக்கட்டணம் பெற்றனர். ஆதலின் படிகளை எண்ணுங் கருவி அதனுடன் அமைந்தது.

1970களில் உருளைமேல் லேசர்க் கதிரால் எழுதும் அச்சுப்பொறி தோன்றியது. இன்று அத்தகைய பொறிகள் பலவற்றில், 'டோனர்' எனும் மைத்தூளுக்கு ஒன்றும் 'டிரம்' எனும் உருளைக்கு ஒன்றுமாகக் கணக்குகள் இரண்டுள. இவை பெரும்பாலும் தூளை நிறுத்தறிவன அல்ல. சென்ற தாள்களையும் சுழற்சிகளையும் எண்ணி, இவ்வளவு தேய்ந்திருக்கும் என்று உய்த்துணர்வன. ஆகலின் புதிய உருளை பொருத்தியபின், முன்மூடியைத் திறந்து அவ்வப் பொறிக்குரிய பொத்தானை அழுத்திப் பழங்கணக்கைச் சுழியாக்கல் வேண்டும். இன்றேல் புத்துருளையையும் பழையதென்றே சில பொறிகள் முறையிடும். தூள் எஞ்சியிருக்கவும் கணக்கு முடிந்துவிடின், அதனைச் சுழியாக்கி எஞ்சியதைப் பயன்கொள்ளுதல் சிக்கனமே. ஆனால் உருளையை மாற்றாது எண்ணை மட்டும் மாற்றுவார்க்குப் பயன் யாது? ஒளியுணரும் பூச்சுத் தேய்ந்தமையால் எழுத்து மங்கும்; தாளிற் கோடும் கறையும் விழும். எண் புதிதாயினும் உருளை பழையதே.

கார்ல்சனாரோ தம் வாழ்வைப் பன்முறை சுழியினின்று தொடங்கியவர். எண்ணை மாற்றித் தம்மை ஏமாற்றிக் கொள்ளாமல், ஒவ்வொரு முறையும் உழைப்பைப் புதிதாக்கினார். பெருஞ்செல்வம் சேர்ந்தபோதும், ஏறத்தாழ 10 கோடி டாலரைப் பெரும்பாலும் தம் பெயர் தோன்றாவண்ணம் அறப்பணிகளுக்கு வழங்கினார். 1968ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 19ஆம் நாள் நியூயார்க்கில் உயிர்நீத்தார்.

மாணவ நண்பர்காள்! தேர்வு நாளில் நண்பனின் குறிப்பேட்டை விரைந்து படியெடுக்கும் நாம், நூலகத்தில் நோவுடன் எழுதிய அவ்வேழை மாணவரை ஒருகணம் நினைப்போமாக. அவர் நம் கைகளின் வருத்தத்தை நீக்கினார். படித்தல் என்னும் உழைப்பையோ நமக்கே விட்டுச்சென்றார்.